பூங்காவைப் பள்ளியாக்க முயன்ற பேட்ரிக் கெடிஸ்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வட்டாரப் பூங்கா ஒன்றில் தொண்டூழிய வழிகாட்டியாகச் சேர்ந்தேன். கற்றல் பயணமாக வரும் பள்ளி மாணவர்களைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. முதல் நாள் நாற்பது உயர்நிலை ஒன்று மாணவர்கள் பேருந்தில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட பயிற்சித்தாள் இருந்தது. மரங்களின் அடியில் நட்டிருந்த பெயர்ப்பலகைகளில் விடைகள் இருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது பேரும் தாளை நிரப்பிவிட்டார்கள். பலர் மரத்தை அண்ணாந்து பார்க்கவே இல்லை.

ஒரே ஒரு மாணவி மட்டும் பார்த்தாள். வானம் இருண்டு மழை வரும்போல் இருந்தது. பெரிய மரம் ஒன்றின் இலைகள் பாதி மூடியிருப்பதைக் காட்டி, ஏன் இப்படி என்று கேட்டாள். அது பயிற்சித்தாளில் இல்லை, நேரமாகிறது, அடுத்த மரத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

அன்றிரவு வீட்டில்தான் நினைவுக்கு வந்தது. அது தூங்குமூஞ்சி மரம். என் பாட்டி அப்படித்தான் அதைச் சொல்வார். இருட்டத் தொடங்கினால் இலைகள் மடங்கித் தூங்கிவிடும் என்பதால் வந்த பெயர். அந்த மாணவியின் கேள்விக்கான விடை, நான் சிறுவயது முதல் அறிந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பலகையில் ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் இருந்ததால் நான் அதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

பூங்காவுக்கும் பள்ளிக்கும் நடுவில் எங்கோ ஒன்று விட்டுப்போகிறது என்ற உறுத்தல் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அந்த நாள்களில்தான் நகரத் திட்டமிடல் பற்றிய நூல்களில் ஒரு பெயரை அடிக்கடி காண நேர்ந்தது. பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர், நகரத் திட்டமிடலாளர், ஆசிரியர். இறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, என்னுடைய அந்த ஒரு மணி நேரத்தில் என்ன தவறு நடந்தது என்பது புரியத் தொடங்கியது.

அப்பாவின் தோட்டம்

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் படையில் பணியாற்றியவர். பேட்ரிக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பெர்த் நகருக்கு அருகே, கினூல் குன்றின் சரிவில் இருந்த ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கீழே டே ஆறு, மேலே காடு, வீட்டைச் சுற்றித் தோட்டம். எண்ணவும் அளக்கவும் அவர் முதலில் கற்றது அந்தத் தோட்டத்தில்தான். தந்தையுடன் சேர்ந்து காய்கறி பயிரிட்டார். குன்றில் ஏறிக் கல்லும் இலையும் பொறுக்கி வந்தார். குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் ஊர், ஆறு, வயல், மலை எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவையாகத் தெரிந்தன. அந்தக் காட்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் தந்தையின் விருப்பப்படி ஒரு வங்கியில் சுமார் ஒன்றரை ஆண்டு வேலை பார்த்தார். மனம் ஒட்டவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியேறினார். உயிருள்ள செடியைப் படிக்கப் போனவருக்கு, உலர்ந்த செடிகளை வகைப்படுத்தும் பாடம் பிடிக்கவில்லை. லண்டனுக்குச் சென்று, டார்வினின் கொள்கைக்காக வாதாடிப் புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் படித்தார். டார்வினையே நேரில் காணும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. முறையான பட்டம் எதையும் அவர் பெறவில்லை. பின்னாளில் பேராசிரியரான ஒருவருக்கு இது வியப்பான செய்திதான்.

இருட்டறையில் சில வாரங்கள்

1879ஆம் ஆண்டு ஆய்வுக்காக மெக்சிகோ சென்றார். அங்கே திடீரென்று கண்பார்வை மங்கிப்போனது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வயது உயிரியலாளருக்கு, நுண்ணோக்கியே வாழ்க்கை என்று நினைத்தவருக்கு, அதைவிடப் பெரிய அடி வேறென்ன இருக்க முடியும்?

அந்த இருட்டில் கையால் தடவிப் பார்த்தபோது சன்னலின் சட்டங்கள் விரலில் தட்டுப்பட்டன. கண்ணாடிகள் கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்து, அவற்றுக்கு இடையே உள்ள உறவை மனத்திலேயே எண்ணிப் பார்த்தார். பிறகு தாளை மடித்துக் கட்டங்களாக்கிச் சிந்திப்பது அவருடைய வாழ்நாள் பழக்கமானது. இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கட்டங்களில் பிற்காலத்தில் முளைத்த கருத்து.

பார்வை திரும்பியது. ஆனால், நீண்ட நேரம் நுண்ணோக்கியில் வேலை செய்யும் வலிமை கண்களுக்கு இல்லை. கண்ணாடித் தகட்டில் இருந்த சிறு உயிரை விட்டுவிட்டு, மனிதர்கள் கூடி வாழும் நகரம் என்னும் பெரிய உயிரைப் படிக்கத் தொடங்கினார்.

சேரிக்குக் குடிபோன தம்பதி

1886இல் அனா மார்ட்டன் என்பவரை மணந்தார். மறு ஆண்டு, எடின்பரோவின் புதுநகரில் வசதியான வீட்டை விட்டுவிட்டு, பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெரிசல் மிகுந்த அடுக்குக் குடியிருப்புக்குக் கணவனும் மனைவியும் குடிபோனார்கள். மூத்த மகள் நோரா அப்போது கைக்குழந்தை. வெளிச்சம் குறைந்த முற்றங்கள், குப்பை மேடுகள், அழுக்குச் சுவர்கள். அறிக்கை எழுதிக்கொண்டு உட்காராமல், கெடிஸ் முதலில் துடைப்பத்தை எடுத்தார். அண்டை வீட்டாருடன் சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்தார். சன்னல்களில் பூந்தொட்டிகள் வந்தன. ஒரு வீட்டில் தொட்டி வைத்தால் எதிர்வீட்டாருக்கும் ஆசை வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1888 முதல் 1919 வரை டண்டீ நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். ஆண்டுக்குக் கோடைப் பருவத்தில் மட்டுமே பாடம். அங்கும் கல்லூரியைச் சுற்றித் தோட்டம் போட்டார். தாவரக் குடும்பங்களை வரிசைப்படுத்திப் பாத்தி அமைத்தார். மாணவர்கள் பாடநூலில் படித்ததைப் பாத்தியில் தொட்டுப் பார்க்க முடிந்தது.

எடின்பரோ கோட்டைக்கு அருகே இருந்த ஒரு பழைய கட்டடத்தை 1892இல் வாங்கி, 'அவுட்லுக் டவர்' என்று பெயரிட்டார். அதன் உச்சியில், கண்ணாடியும் வில்லையும் கொண்டு வெளிக்காட்சியை இருட்டறைக்குள் இருக்கும் வெள்ளை மேசையில் விழச்செய்யும் பழைய கருவி ஒன்று இருந்தது. வருபவர்களை அவர் முதலில் மேல்மாடிக்கு விறுவிறுவென்று படியேற வைப்பார். மூச்சு வாங்க, ரத்தம் சூடேறிய நிலையில் அவர்கள் சொந்த நகரத்தை மேசையில் உயிரோட்டத்துடன் காண்பார்கள். பிறகு திறந்த மாடத்தில் நின்று கண்ணால் பார்ப்பார்கள். அதன்பின் சிறிய வெற்றறை ஒன்றில் அமைதியாக உட்கார்ந்து, பார்த்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கீழ்த்தளங்களுக்கு இறங்கலாம். ஒரு தளத்தில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்காட்லாந்து, பிறகு ஐரோப்பா, கடைசியில் உலகம்.

இந்த வரிசையைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் பார்ப்பது, பிறகு எண்ணுவது, அதன் பிறகே விளக்கம். நான் அந்த நாற்பது மாணவர்களுக்குச் செய்தது நேர்மாறானது. பெயர்ப்பலகையைக் காட்டினேன், விடையைக் கொடுத்தேன், மரத்தைப் பார்க்க நேரமில்லை என்றேன்.

கார்னகியின் பூங்கா

பூங்காவும் பள்ளியும் எப்படி இணைய வேண்டும் என்பதை கெடிஸ் விரிவாக எழுத ஒரு வாய்ப்பு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிறுவனின் ஏக்கம் இருக்கிறது.

டன்ஃபெர்ம்லின் என்ற ஸ்காட்லாந்து ஊரில் ஓர் ஏழை நெசவாளரின் மகனாக 1835இல் பிறந்தவர் ஆண்ட்ரூ கார்னகி. ஊரின் நடுவே பிட்டன்கிரீஃப் என்னும் அழகான தனியார் எஸ்டேட் இருந்தது. பொதுமக்களின் உரிமைக்காகக் கார்னகியின் தாய்வழி உறவினர்கள் வழக்காடியதால், மற்றவர்களுக்கு எப்போதாவது திறக்கும் அந்தக் கதவு அவருடைய குடும்பத்துக்குத் திறக்கவே இல்லை. அமெரிக்கா சென்று எஃகுத் தொழிலில் பெரும் செல்வந்தரான கார்னகி, 1902இல் அந்த எஸ்டேட்டையே விலைக்கு வாங்கி ஊர்மக்களுக்குப் பூங்காவாகக் கொடுத்தார். அதைப் பராமரிக்கவும் மக்கள் வாழ்வை மேம்படுத்தவும் ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார்.

பூங்காவை எப்படி அமைப்பது என்று அறக்கட்டளை இருவரிடம் திட்டம் கேட்டது. அவர்களில் ஒருவர் கெடிஸ். பூச்செடி எங்கே, இருக்கை எங்கே என்று வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஓடையின் அழுக்கை முதலில் நீக்க வேண்டும் என்றார். தாவரங்களைக் கற்பிக்கும் தோட்டங்கள், இயற்கை அருங்காட்சியகம், பிள்ளைகள் விளையாடும் இடங்கள், கைத்தொழில் பட்டறைகள் என்று பூங்காவை ஊரின் கல்வியோடு பின்னினார். அழகு பார்க்கும் இடமாகப் பூங்காவையும், பாடம் படிக்கும் இடமாகப் பள்ளியையும் தனித்தனியே வைத்தால் இரண்டும் பாதி பயனைத்தான் தரும் என்பது அவருடைய வாதம்.

அறக்கட்டளை அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. செலவு அதிகம், கனவு பெரிது. மற்றவரின் திட்டத்துக்கும் அதே கதிதான். கெடிஸ் தம் அறிக்கையை 1904இல் தாமே நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் நகரத் திட்டமிடல் மாணவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். ஆனால் பிட்டன்கிரீஃபில் அவர் வரைந்தபடி எதுவும் முழுமையாக எழவில்லை.

அவருடைய குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தாடிக்குள் முணுமுணுப்பதுபோல் பேசுவார், பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காது. ஒரு வேலையை முடிக்கும் முன்பே அடுத்த வேலையில் குதிப்பார். பணக் கணக்கில் கெட்டிக்காரர் அல்லர். பெரிய திட்டங்களைப் போட்டுவிட்டு, அவற்றை நாள்தோறும் நடத்தும் பொறுப்பை மனைவி அனாவின் தலையிலும் நண்பர்கள் தலையிலும் அவர் விட்டதுண்டு.

பத்து ஏக்கர் குப்பை மேடு

டன்ஃபெர்ம்லினில் பெரிய பூங்காவில் நடக்காதது, எடின்பரோவில் குட்டிக் குட்டி இடங்களில் நடந்தது. பழைய நகரில் இடிந்த கட்டடங்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களை கெடிஸின் குழுவினர் தெருத் தெருவாக நடந்து கணக்கெடுத்தார்கள். அப்படி 70க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 10 ஏக்கர். இடமே இல்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நகரத்தில் பத்து ஏக்கர் குப்பைக்கு அடியில் கிடந்தது.

இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் மகள் நோரா. சேரியில் கைக்குழந்தையாக இருந்தவர் இப்போது தோட்டங்களை வடிவமைக்கும் இளம்பெண். 1911ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ பத்துத் தோட்டங்கள் உருவாகிவிட்டன. கோட்டைச் சரிவில் ஒன்று, சந்துக்குள் ஒன்று. வெயில் படாத முற்றங்களில் வளர்ந்த பிள்ளைகள் மண்ணைத் தொட்டார்கள், விதை போட்டார்கள். வேலி உடைந்தது, செடிகள் மிதிபட்டன. அப்போதும் தோட்டங்களை மூடவில்லை. மறுபடியும் நட்டார்கள்.

எந்தத் தோட்டத்துக்கு அன்றாடம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்ததோ, அதுதான் நிலைக்கும். அவற்றில் பல காலப்போக்கில் மறைந்துவிட்டன. கோட்டைக்குக் கீழே ஜான்ஸ்டன் டெரஸில் இருக்கும் தோட்டம் இன்றும் சிறிய வனவிலங்குக் காப்பிடமாக இருக்கிறது. பெரிய பணமும் பெரிய பூங்காவும் இருந்த இடத்தில் திட்டம் தாளில் நின்றது. பணம் இல்லாத சந்தில் அது முளைத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் நெடுநேரம் யோசித்தேன்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

1914ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு, நகரங்கள் பற்றிய தம் கண்காட்சியுடன் வருமாறு கெடிஸை அழைத்தார். பல ஆண்டுகள் சேர்த்த வரைபடங்களும் படங்களும் மாதிரிகளும் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. கெடிஸ் மகன் அலஸ்டருடன் வேறு கப்பலில் வந்தார்.

முதல் உலகப் போர் தொடங்கிவிட்டிருந்தது. செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டனை நாம் அறிவோம். தமிழில் அந்தப் பெயர் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. அதே எம்டன் அக்டோபரில் 'கிளான் கிராண்ட்' கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது. அதே மாதம் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. பினாங்கு மக்களை நடுங்க வைத்த அந்தக் கப்பலால்தான், சில நாள்களுக்கு முன்பு கெடிஸின் வாழ்நாள் சேமிப்பு கடலுக்கு அடியில் போனது.

அவர் திரும்பிப் போகவில்லை. நண்பர்கள் பிரிட்டனில் மீண்டும் பொருள் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

அதன்பின் மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று தமிழ் ஊர்களில் கால்நடையாகவே சுற்றினார். கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த தேர் வீதிகளும் குளங்களும் அவரை மிகவும் கவர்ந்தன. நேர்கோட்டில் சாலை போட வீடுகளை இடிக்கும் திட்டங்களை எதிர்த்தார். நோயாளியின் உடலில் தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் மருத்துவரைப்போல, ஊரில் தேவையான இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும் என்பது அவர் முறை. கொசு வருகிறது என்று குளங்களைத் தூர்க்க அதிகாரிகள் முனைந்தபோது, குளத்தைச் சுத்தப்படுத்தி மீன் விட்டால் போதும் என்றார். குளம் ஊரைக் குளிர்விக்கும், வெள்ளத்தைத் தாங்கும் என்று சுட்டிக்காட்டினார்.

இரண்டு மரணங்கள், ஒரு தீபாவளி

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. அலஸ்டர் போருக்குத் திரும்பியிருந்தார். கெடிஸ் தம்பதி பிள்ளைகள் மூவரையும் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் வீட்டிலும் தோட்டத்திலும் வைத்தே கற்பித்தவர்கள். அப்படி வளர்ந்த அலஸ்டருக்குப் படையில் கிடைத்த வேலை, உயரத்தில் மிதக்கும் பலூனிலிருந்து போர்க்களத்தைக் கவனிப்பது. குன்றின் உச்சியிலிருந்து பார்க்கத் தந்தையிடம் கற்ற கண், போருக்குப் பயன்பட்டது. அந்த ஏப்ரலில் அவர் பிரான்சில் கொல்லப்பட்டார்.

செய்தி வந்தபோது அனா இந்தியாவில் நோயுற்றுப் படுத்திருந்தார். மனைவியின் உடல்நிலையை எண்ணி கெடிஸ் மகனின் மரணத்தை அவரிடம் சொல்லவில்லை. ஜூன் மாதம் கல்கத்தாவில் அனாவும் இறந்தார். மகன் போனது தெரியாமலேயே தாய் கண்ணை மூடினார்.

கெடிஸ் அடுத்து இந்தூருக்குப் போனார். அங்கே பிளேக் நோய் பரவியிருந்தது. தெருக்களில் குப்பை. மகாராஜாவிடம் ஒரு நாளைக்கு மட்டும் அதிகாரம் கேட்டு வாங்கினார். தீபாவளி ஊர்வலம் அந்த ஆண்டு வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்களில் வீடுகள் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கின்றனவோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். ஊர் முழுவதும் துடைப்பத்தைக் கையில் எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் நோயைப் பரப்பும் எலியின் பெரிய உருவம் வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையும் மாலையும் அணிந்து மரியாதையுடன் நடந்தார்கள். கடைசியில் தோட்ட வண்டிகளிலிருந்து மக்களுக்குத் துளசி நாற்றுகள் கொடுக்கப்பட்டன.

மனைவியையும் மகனையும் இழந்த அறுபத்து மூன்று வயது மனிதர் செய்த வேலை இது. அவருக்கு வகுப்பறை, பூங்கா என்ற எல்லைகூட அப்போது இல்லை. ஊரே பள்ளியாகிவிட்டது.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். தாவரங்கள் ஒளிக்கும் தொடுகைக்கும் எப்படி அசைகின்றன என்று ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் வெளியிட்டார். மர நிழலில் வகுப்பு நடத்திய தாகூருடன் நட்புக் கொண்டிருந்தார். அவருடைய இளைய மகன் ஆர்தர் தாகூரின் கிராமப் பணிகளில் உழைத்தார். 1924இல் உடல்நலம் கருதி இந்தியாவை விட்டு, பிரான்சின் மோன்பெலியே நகரில் ஒரு கல்லூரியும் தோட்டமும் அமைக்கத் தொடங்கினார். 1932ஆம் ஆண்டு அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி அங்கேயே காலமானார்.

விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது?

இன்று சிங்கப்பூரில் பூமலையிலும் சுங்கை பூலோ ஈரநிலத்திலும் பள்ளிச் சீருடைகளைக் காணாத வாரம் குறைவு. பூமலைக்குள் சிறுவர்களுக்கென்றே 2007இல் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. கெடிஸ் கனவு கண்ட வாயிற்கதவு நமக்குத் திறந்தே இருக்கிறது. ஆனாலும் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது என்பதை நாற்பது பயிற்சித்தாள்கள் எனக்குக் காட்டின.

அடுத்த பருவத்தில் அதே பள்ளி மீண்டும் வந்தபோது, பூங்கா அதிகாரியிடமும் அறிவியல் ஆசிரியையிடமும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டேன். முதல் இருபது நிமிடம் தாள் வேண்டாம். மாணவர்களைப் பூங்காவின் சிறு மேட்டுக்கு நடக்க வைத்து, அங்கிருந்து தங்கள் பள்ளியையும் வீவக புளோக்குகளையும் கால்வாயையும் பார்க்க வைப்போம். பிறகு ஆளுக்கு ஒரு கேள்வி அவர்களே எழுதட்டும். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வேலியோரம் ஒரு சிறிய பாத்தியும் கிடைத்தது. மாணவர்கள் அதில் எலுமிச்சைக் கன்றுகள் நட்டார்கள்.

அப்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. ஜூன் விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது? பூங்காவின் ஆள்களுக்கு அது கூடுதல் வேலை. பள்ளி மூடியிருக்கும். ஆசிரியை ஊருக்குப் போகிறார். மூன்று தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றோம். பூங்காவும் பள்ளியும் கைகோப்பது என்று நாம் அழகாகச் சொல்வதெல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. டன்ஃபெர்ம்லினில் இந்தக் கேள்விக்கு வரும் முன்பே திட்டம் நின்றுவிட்டது. எடின்பரோவின் சந்துகளில் நோராவும் அக்கம்பக்கத்தாரும் அதற்கு நாள்தோறும் பதில் சொன்னார்கள்.

நாங்கள் ஓர் அட்டவணை போட்டோம். அருகில் குடியிருந்த ஆறு மாணவர்கள் இருவர் இருவராக முறை எடுத்துக்கொண்டார்கள். ஒரு முறை நானும் போனேன். பதினொரு கன்றுகளில் நான்கு வாடிப்போயின. மிச்சம் இருந்தவற்றின் இலைகளில் பறவை எச்சம்போல் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று ஒரு மாணவன் எனக்குப் படம் அனுப்பினான். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுக்கள். இலைகளைத் தின்கின்றனவே, மருந்து அடிக்கலாமா என்று கேட்டான். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். புழுக்கள் பச்சை நிறத்துக்கு மாறின. பாதி இலைகள் போய்விட்டன. மருந்து அடிக்கும் பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை.

தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றிக் கேட்ட அந்த மாணவியும் அந்த ஆறு பேரில் ஒருத்தி. விடுமுறை முடியும் நேரத்தில் ஒரு மாலை அவளைப் பாத்தியருகே பார்த்தேன். உனக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லி, மரத்தின் தமிழ்ப் பெயரைச் சொன்னேன். சிரித்தாள். ஆனால் அதோடு விடவில்லை. பெயர் சரி, இருட்டுவது மரத்துக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள்.

இந்த முறை நேரமாகிறது என்று நான் சொல்லவில்லை. இருவரும் மரத்தடிக்குப் போய், விளக்குகள் எரியும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.